இடது கால் பூட்ஸ்

என் அப்பாவின் இடது காலை எடுத்தது சர்க்கரை என்று டாக்டர் சொல்கிறார். விதி என்று அம்மா சொல்கிறாள். இரண்டுமில்லை, நான்தான். இதைக் கேட்டதும் யாராவது "அப்படியெல்லாம் சொல்லாதம்மா" என்று ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நடந்ததை முழுசாகக் கேளுங்கள். அதற்கப்புறமும் ஆறுதல் சொல்லத் தோன்றினால் சொல்லுங்கள்.

நான் பைக் ஓட்டுகிறவள். ரோட்டில் இல்லை, மண்ணில். மேடும் பள்ளமுமாக வெட்டிப் போட்ட பாதையில் வண்டியோடு எழும்பி, வண்டியோடு இறங்குகிற மோட்டோகிராஸ் பந்தயம். வாரத்தில் ஆறு நாள் ஒரு பல் கிளினிக்கின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பேன். ஏழாவது நாள் சேற்றில் விழுந்து எழுந்து வருவேன். "ஆறு நாள் ஊரான் பல்லு, ஏழாவது நாள் உன் பல்லு, போய் உடைச்சுட்டு வா" என்று அம்மா வாசலில் நின்று வாழ்த்துவாள்.

அப்பாவுக்கு சலூன். இரண்டு நாற்காலி, எதிரெதிராக இரண்டு கண்ணாடி, காத்திருக்கிறவர்களுக்கு ஒரு பெஞ்சு. இரண்டாவது நாற்காலி பேருக்குத்தான், அதில் துண்டுகள் மடித்து வைத்திருக்கும். முப்பத்திரண்டு வருடமாக அந்த முதல் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்து நின்றபடியே வேலை பார்த்தவர். அதில் அவருக்குத் தலைக்கனம் என்றே சொல்லலாம். "உக்காந்து சாப்பிடுற பரம்பரை இல்லம்மா நான். நின்னு சம்பாதிச்சு நின்னுக்கிட்டே சாப்பிடுறவன்" என்பார். சர்க்கரை இருப்பது தெரியும். மாத்திரை ஞாபகம் வந்தால் போடுவார்.

என் பழைய பூட்ஸின் அடி பிளந்து வாயைத் திறந்துகொண்டதும் புதுசு வாங்கினேன். வருடக் கடைசிப் பந்தயத்துக்கு இருபத்து நான்கு நாள் இருந்தது. மோட்டோகிராஸ் பூட்ஸைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை வரும். முன்பக்கம் பிளாஸ்டிக் தகடு, பக்கத்தில் நான்கு பக்கிள், கணுக்காலில் கதவுக்கீல் மாதிரி ஒரு மடிப்பு. புதுசாக இருக்கும்போது அந்தக் கீல் மடங்கவே மடங்காது. காலை சிமெண்டுக் குழாய்க்குள் விட்டது போலத்தான். மடங்கினால்தான் வண்டி ஓட்ட முடியும். அதிலும் இடது கால்தான் கியர். கட்டைவிரலை கியர் கம்பிக்கு அடியில் நுழைத்து மேலே தூக்க வேண்டும். கணுக்கால் மடங்கவில்லை என்றால் கியர் விழாது. கியர் விழவில்லை என்றால் நான் விழுவேன்.

ஆகவே பழக்க வேண்டும். அதற்குக் குறுக்குவழி கிடையாது. போட்டுக்கொண்டு பாத்திரம் தேய்ப்பார்கள், மாடிப்படி ஏறி இறங்குவார்கள், தோப்புக்கரணம் போடுவார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் பூட்ஸோடு குளித்துவிட்டு, அது காலிலேயே காயட்டும் என்று கழற்றாமல் படுத்தவர். நானும் இரண்டு நாள் மாடிப்படியில் தடதடவென்று ஏறி இறங்கினேன். கீழ்வீட்டு அம்மா "இடி இடிக்குது, மழை எங்க?" என்று கேட்டாள். மூன்றாம் நாள் இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்து தொங்கியது. நான் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"செருப்புக் கடிக்கா இந்தக் கத்து கத்துற? நான் கூட வண்டி தலைமேல விழுந்துடுச்சோன்னு வந்தேன்!"

"நீ போட்டுப் பாரும்மா, தெரியும்."

"நான் எதுக்கு? எனக்கென்ன உன் கால் மாதிரி படகா?"

எனக்கு அப்பாவின் கால். அதே ஒன்பதாம் நம்பர், அதே அகலம், கட்டைவிரலைத் தாண்டி நிற்கிற அதே இரண்டாம் விரல். சின்ன வயதில் பள்ளியில் கேலி செய்தார்கள் என்று நான் அழுதபோது, அவர் காலை என் காலுக்குப் பக்கத்தில் வைத்து, "பாரு, ஒரே அச்சு. உன்னைக் கேலி பண்ணினா என்னைக் கேலி பண்ணின மாதிரி" என்றார். அம்மா படகு என்று சொன்னதும் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கிருந்துதான் வந்ததோ, சனியன்.

"அப்பா, நீங்க நாள் பூரா நிக்கிறவர்தானே. ரெண்டு வாரம் நீங்க போட்டுக்கிட்டு வேலை பார்க்கிறீங்களா?" என்றேன். பாதி விளையாட்டுத்தான்.

அப்பா பேப்பரைக் கீழே வைத்தார். "குடு. இதுக்கா ஊரைக் கூட்டின?"

"லெஃப்ட்ட நல்லா மிதிங்கப்பா. கியர் போடுற கால்."

இந்த வாயால்தான் சொன்னேன்.

மறுநாளிலிருந்து அப்பா பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு, முழுநீள சாக்ஸ் போட்டு, வெள்ளையும் ஆரஞ்சுமான அந்த பூட்ஸை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் கிளினிக் முடிந்து நான் சலூன் வழியாகத்தான் வருவேன். முதல் நாள் போனபோது நாற்காலியில் ஓய்வுபெற்ற தபால்காரர் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் முப்பது வருட வாடிக்கை. கழுத்து வரை துணி போர்த்தியிருக்க, கண்ணாடியில் அப்பாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மாஸ்டர், முடி வெட்டப் போறீங்களா, நிலாவுக்குப் போறீங்களா?"

"தலையை ஆட்டாதீங்க. காது போனா என்னைக் கேக்கக் கூடாது."

"நடக்கவே முடியலையேய்யா உம்மால."

"அடி மேல அடி வெச்சா அம்மியே நகருமாம். இது எந்த மூலைக்கு?" என்று சொல்லி அப்பா நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டக், டக், டக் என்று தரை அதிர்ந்தது. தபால்காரர் சிரித்த சிரிப்பில் துணியிலிருந்த முடியெல்லாம் பறந்தது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அப்பா எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. ஆள் இல்லாத நேரத்தில் முடி காயவைக்கிற டிரையரை எடுத்து பூட்ஸின் கணுக்கால் மடிப்பில் சூடு காட்டி, காலை முன்னும் பின்னும் மடக்குவார். தினமும் சாயங்காலம் பெஞ்சில் உட்கார்ந்து பக்கிளைக் கழற்றி என்னிடம் நீட்டுவார். நான் வாங்கி இரண்டு கையாலும் வளைத்துப் பார்ப்பேன்.

"கடிக்குதாப்பா?"

"ம்ஹும். ரைட்டுதான் கொஞ்சம் முறைக்குது. லெஃப்ட் தங்கமான பிள்ளை, பஞ்சு மாதிரி இருக்கு."

ஐந்தாம் நாளே இடது பூட்ஸ் மடங்க ஆரம்பித்துவிட்டது. வலது அப்படியே விறைத்துக்கொண்டு நின்றது. ஏன் ஒரு கால் மட்டும் பழகுகிறது என்று நான் ஒரு நொடி யோசித்தேன். யோசித்ததும் பதிலும் கிடைத்துவிட்டது. சலூன் நாற்காலியை உயர்த்துகிற மிதி இருக்கிறதே, அதை அப்பா எப்போதும் இடது காலால்தான் மிதிப்பார். ஒரு நாளைக்கு நூறு முறையாவது மிதிப்பார். அதனால்தான் என்று நினைத்தேன். பெரிய துப்பறிகிறவள் மாதிரி அதை அப்பாவிடம் சொல்லி, "இன்னும் நாலு மிதி சேர்த்து மிதிங்க" என்றேன். அவரும் மிதித்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருடம் அப்பா ஒரு நாள் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். இடது கால் செருப்பு வழியில் எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது, அவருக்குத் தெரியவேயில்லை. நாங்கள் மாதக்கணக்கில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். "இவருக்கென்ன, காலையே விட்டுட்டு வந்தாலும் வீட்டுக்கு வந்துதான் தேடுவாரு" என்று அம்மா எல்லோரிடமும் சொல்வாள். அந்த வாக்கியத்தை இப்போது எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. ஆனால் அம்மா துணி மடிக்கும்போது திடீரென்று கையை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தால், அவள் அதைத்தான் நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

ஒன்பதாம் நாள் சாக்ஸைத் துவைத்த அம்மா, "என்னங்க, காலிலயும் டை அடிச்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். இடது சாக்ஸின் உள்பக்கம் பழுப்பாகக் கறை. அப்பாவின் சட்டை, துண்டு, தலையணை உறை எல்லாவற்றிலும் தலைமுடிச் சாயத்தின் கறை இருக்கும். பழுப்பு, கறுப்பு, மருதாணிச் சிவப்பு, எல்லா நிறமும் உண்டு. கல்யாணமான நாளிலிருந்து அம்மா அதைத் தேய்த்துத்தான் பழக்கம். வேறு வீட்டுப் பெண்ணாக இருந்தால் ரத்தம் என்று பதறியிருப்பாள். அவள் கூடக் கொஞ்சம் சோப்புப் போட்டாள்.

"பாட்டில் கவுந்திருக்கும்" என்றார் அப்பா. குனிந்து காலைப் பார்க்கவில்லை. வலிக்காத காலை யார் பார்ப்பார்கள்?

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் கிளினிக்குக்கு போன் வந்தது. தபால்காரர். "உங்கப்பாவுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போடுதும்மா. கத்தியைக் கீழ வைன்னா வைக்க மாட்டேங்கிறார்" என்றார். நான் ஓடியபோது அப்பா பாதிச் சவரம் செய்த ஒரு ஆளுக்கு முன்னால், கையில் கத்தியோடு, பல் கிடுகிடுக்க நின்றுகொண்டிருந்தார். "ஒரு பக்கம் முடிச்சுடுறேன்" என்றார். நெற்றி கொதித்தது. பெஞ்சில் உட்காரவைத்து இடது பூட்ஸின் பக்கிள்களைத் திறந்தேன். நான்காவது பக்கிள் திறந்ததும் ஒரு வாடை வந்தது. அது என்ன வாடை என்று நான் சொல்லப்போவதில்லை.

ஆஸ்பத்திரியில் சாக்ஸைக் கத்தரித்து எடுத்தார்கள். உள்கணுக்காலுக்குக் கீழே, கீல் மடங்குகிற இடத்தில், தோலே இல்லை. குதிகால் வரை கறுத்திருந்தது. டாக்டர் ஒரு குச்சியால் அப்பாவின் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார்.

"இங்க தெரியுதா?"

"தொட்டீங்களா?" என்றார் அப்பா.

வலது காலில் பாதி உணர்ச்சி இருந்தது. இடது காலில் சுத்தமாகச் செத்துப்போய் ஒரு வருடத்துக்கு மேலிருக்கும் என்றார் டாக்டர். "இவ்வளவு பெரிய புண்ணோட எப்படிங்க பன்னண்டு நாள் நின்னீங்க?" என்று அவர் கேட்டபோது அப்பா என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் குற்றம் சாட்டுகிற எதுவும் இல்லை. தப்பு செய்து பிடிபட்டவர் போல இருந்தார்.

"என் கால் காய்ச்சுப்போச்சுன்னு நெனச்சேம்மா" என்றார். "முப்பது வருஷம் நின்ன காலாச்சே. அதான் கடிக்கலன்னு நெனச்சேன்."

முதலில் இரண்டு விரல் என்றார்கள். பிறகு பாதம் என்றார்கள். ஐந்தாம் நாள் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் விட்டு எடுத்தார்கள். கையெழுத்து அம்மா போட்டாள். நான் வராந்தாவில் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தேன், ஒரு நர்ஸ் வந்து அதட்டினாள்.

பார்க்க வந்தவர்களில் தபால்காரர் நல்ல மனுஷர்தான். ஆனாலும் "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சுக்கம்மா" என்று சொன்னபோது என்னால் வாயை அடக்க முடியவில்லை. "தலைப்பாகையா? எங்கப்பா கால் உங்களுக்குத் தலைப்பாகையா?" என்று கத்திவிட்டேன். பாவம், ஆரஞ்சுப் பழப் பையைக் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து அவரே வந்து, அப்பாவுக்கு முகச்சவரம் செய்துவிட்டார். இரண்டு இடத்தில் வெட்டினார். "முப்பது வருஷம் பார்த்தும் கத்துக்கலையேய்யா நீர்" என்று அப்பா சிரித்தார்.

வருடக் கடைசிப் பந்தயம் வந்தது, போனது. அதற்கு அடுத்ததும் போனது. பைக் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. பூட்ஸை ஒரு கோணிச்சாக்கில் போட்டு வாயைக் கட்டிப் பரண்மேல் எறிந்துவிட்டேன். அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் ஒரு நாள் தாங்க முடியாமல் அவர் கட்டிலில் உட்கார்ந்து, "திட்டுங்கப்பா, நாலு வார்த்தை திட்டிடுங்க" என்று அழுதேன். "ஏண்டி, கால்தான் போச்சு, வாயுமா போச்சு? திட்டணும்னா திட்ட மாட்டேனா?" என்றார். திட்டவில்லை.

நான்கு மாதம் கழித்து செயற்கைக் கால் வந்தது. தோல் நிறத்தில் ஒரு பாதம், அதற்கு மேல் ஒரு குழாய், அதற்கு மேல் ஒரு கிண்ணம். முதல் வாரம் தினமும் ஒரு மணி நேரம், அப்புறம் இரண்டு மணி நேரம், இப்படிப் போட்டுப் போட்டுத்தான் பழக வேண்டும் என்றார் செய்து கொடுத்தவர். கழற்றியதும் தோல் எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அதற்கு நான் சலூனிலிருந்து கைக்கண்ணாடியைக் கொண்டுவந்து வைத்தேன். வெட்டி முடித்ததும் பின்னந்தலையைக் காட்டுவாரே, அந்தக் கண்ணாடி. தினமும் அதை அவருடைய வலது உள்ளங்காலுக்கு அடியில் பிடித்து ஒவ்வொரு விரலிடுக்காகப் பார்ப்பேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

ஆனால் அப்பா அந்தக் காலைப் போட மாட்டேன் என்றார். இரண்டு நிமிடம் நிற்பார், கழற்றிவிடுவார்.

"கடிக்குது."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். முழங்காலுக்குக் கீழே மிச்சமிருந்த அந்த ஒரு சாணில் உணர்ச்சி இருந்தது. கிண்ணத்தின் விளிம்பு அழுத்தினால் முகம் சுருங்கியது.

"போடப் போடத்தான்ப்பா பழகும். நீங்களே சொல்வீங்களே, அடி மேல அடின்னு."

"நீ போட்டுப் பழக்கிக் குடேன்" என்றார் சிரித்துக்கொண்டே.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முடிந்தால் செய்யமாட்டேனா? அந்தக் கிண்ணத்துக்குள் நுழைக்க என்னிடம் இருப்பது முழுக் கால். எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா கட்டிலில் உட்கார்ந்து பரணையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தச் சாக்கை எறக்கு" என்றார்.

"எதுக்கு?"

"எறக்குன்னா எறக்கு."

இறக்கினேன். தொட மாட்டேன் என்று தள்ளி நின்றேன். அவரே கட்டை அவிழ்த்தார்.

"போடு."

"மாட்டேன்ப்பா."

"ஒரு காலைக் குடுத்துப் பழக்கி வெச்சிருக்கேன். நீ சாக்குல கட்டிப் போட்டு வெச்சிருக்க" என்றார். குரல் உயரவில்லை. "அது எங்கயாவது ஓடட்டும்டி. நீ அதைப் போடு, நான் இதைப் போடுறேன். இந்தச் சுவத்துலேருந்து அந்தச் சுவர் வரைக்கும்."

நான் தரையில் உட்கார்ந்தேன். முதலில் வலதை மாட்டினேன். அது இன்னும் விறைப்பாகத்தான் இருந்தது. பக்கிளைப் போட்டதும் குதிகாலில் கடித்தது. பிறகு இடதை எடுத்தேன். நான் பரண்மேல் எறிந்த பிறகு அம்மா அதை இறக்கிக் கழுவிக் காயவைத்து மறுபடி கட்டி வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. சோப்பு வாசனை வந்தது. எவ்வளவு கழுவியும் தையல் ஓரத்தில் துணுக்கு முடிகள் ஒட்டியிருந்தன. கறுப்பும் நரையுமாக, யார் யாருடைய தலைமுடியோ. காலை உள்ளே விட்டேன். கால் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. எழுந்து முழங்காலை மடக்கினேன், கணுக்கால் மடங்கியது. விரலைத் தூக்கினேன், தூக்கியது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு பூட்ஸ் என் காலுக்கு அமைந்ததில்லை.

அப்பா கிண்ணத்தை மாட்டிக்கொண்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து நின்றார்.

"எப்படி இருக்கு?"

"ரைட் கடிக்குதுப்பா."

"லெஃப்ட்?"

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடிக்கல" என்றேன். "எங்கயுமே கடிக்கலப்பா."

அப்பாவின் முகம் மலர்ந்தது. மாதக்கணக்காக நான் பார்க்காத முகம் அது. ஒரு தலையை அழகாக வெட்டி முடித்துவிட்டுக் கைக்கண்ணாடியைத் தூக்குவாரே, அப்போதைய முகம்.

"கேட்டியாடி?" என்று சமையலறைப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார். "கடிக்கலையாம்! நான் பழக்கினது!"

உள்ளே அம்மா குழாயைத் திறந்துவிட்ட சத்தம் மட்டும் கேட்டது.

அப்பா என் தோளில் கை வைத்தார். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடந்தோம். ஒவ்வொரு அடிக்கும் "கடிக்குது" என்றார். நான் ஒவ்வொரு முறையும் "எங்கேப்பா?" என்று கேட்டு, நின்று, கழற்றிப் பார்த்து, மறுபடி மாட்டிவிட்டேன். அந்தச் சுவரைத் தொட எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.